புலமைக் காய்ச்சலும் பிறர்சிநேகமும்

தமிழில் 'புலமைக் காய்ச்சல்' என்றொரு தொடர் உண்டு. ஒரு புலவர் மற்றொரு புலவரின் பெருமை கண்டு மனம் வெதும்புதலை நம் முன்னோர் இவ்வாறு குறித்தனர். வணிகன் வணிகனைக் கண்டு கொள்ளும் பொறாமைக்கோ, செல்வன் செல்வனைக் கண்டு கொள்ளும் பொறாமைக்கோ அவர்கள் தனிப்பெயர் இட்டிலர். புலவன் கொள்ளும் பொறாமைக்கு மட்டும் ஒரு நோயின் பெயரையே இட்டனர். அந்நோய் எத்துணைப் பழமையானது என்பதற்கு இப்பெயரே போதிய சான்றாகும். கம்பரின் பாடலைக் கேட்ட ஒட்டக்கூத்தர் தாம் இயற்றிய இராமாயண ஏடுகளைக் கிழித்தெறிந்தார் என்றும், எஞ்சிய உத்தர காண்டத்தைக் கம்பரே ஓடிச்சென்று காத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது வரலாறு அன்று. ஆயினும், பெரும்புலவர்களைப் பற்றிக் கதை கட்டிய மக்கள், முதலில் நினைத்தது அவர்களுக்கிடையே எழக்கூடிய பொறாமையையே என்பதை அக்கதை காட்டுகிறது.

திருவள்ளுவர் அழுக்காறாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். தமிழ்க் கத்தோலிக்கர் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்து வந்த ஞானோபதேசத்திலும் இது தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அங்கே அதன் பெயர் 'காய்மகாரம்'. புலமைக் காய்ச்சல் என்னும் தொடரில் உள்ள காய்தல் இச்சொல்லிலும் ஒலிப்பதைக் காண்க. நோயைச் சொன்ன அந்நூல் மருந்தையும் சொல்லிற்று. ஆங்காரத்திற்கு எதிர் தாழ்ச்சி. கோபத்திற்கு எதிர் பொறுமை. காய்மகாரத்திற்கு எதிர் பிறர்சிநேகம். பொறாமையின் எதிர்ப்பண்பு பொறாமையின்மை என்று அந்நூல் கூறவில்லை. பிறனை நேசித்தல் என்றே கூறிற்று. வெறுமனே வெதும்பாமல் இருத்தல் போதாது, ஒன்றைச் செய்தலும் வேண்டும் என்பது இதன் உட்கிடை.

அப்படியாயின், சமயப்பற்றுடைய எழுத்தாளருக்கு அப்பற்று இந்நோயினின்று விடுதலை தருமா? தரும் என்று ஒரு சொல்லில் விடை கூற வரலாறு இடந்தரவில்லை. சமயம் சில வேளைகளில் பொறாமைக்குப் போர்வையாகவும் அமைந்துள்ளது. அதே சமயம் வேறு சில வேளைகளில் அதற்கு நல்ல மருந்தாகவும் அமைந்துள்ளது. இவ்விரண்டையும் காவிரி பாயும் சோழநாட்டின் ஒரு சிறு பகுதியிலேயே காணலாம்.

தரங்கம்பாடியில் மூண்ட சொற்போர்

1706ஆம் ஆண்டில் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கினார். தமிழ் கற்றார்; அச்சகம் நிறுவினார்; புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தாலி நாட்டிலிருந்து இயேசு சபைத் துறவி ஒருவர் தமிழகம் வந்து சேர்ந்திருந்தார். அவரே பின்னர் 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர்.

இருவர் பணியும் இருவேறு வகையின. முன்னவர் தரப்பினர் பேச்சுத் தமிழை ஒட்டிய எளிய உரைநடையை அச்சேற்றிப் பரப்பினர். முனிவரோ இலக்கணமும் காப்பியமும் அகராதியும் ஆக்கிச் செந்தமிழின் உச்சிக்கு ஏறினார். இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று நிரப்பத்தக்கவை. எனினும், ஒரே கிறித்துவை வணங்கிய இருதிறத்தாரும் ஒருவரையொருவர் உடன்பணியாளராகக் கருதவில்லை. கத்தோலிக்கரைக் கண்டித்துத் தரங்கம்பாடியார் எழுதினர். அதற்கு விடையாக 'பேதகமறுத்தல்' எழுந்தது. 'வேதவிளக்கம்' என்னும் நூலில் முனிவர் தரங்கம்பாடி விவிலியத்தின் தமிழ்நடையைக் கடுமையாக எள்ளினார்.

இச்சொற்போருக்கு அடிப்படை கொள்கை வேறுபாடே. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் கொள்கையை மறுக்கப் புகுந்தவர் எதிரியின் மொழிநடையை எள்ளத் தொடங்கும்போது, அங்கே பேசுவது கொள்கை மட்டும்தானா என்னும் ஐயம் எழுகிறது. 'என் மறை மெய்' என்பதும் 'என் தமிழ் உயர்ந்தது' என்பதும் வேறு வேறு கூற்றுகள். முன்னதன் பெயரால் பின்னதைச் சொல்வது எளிது. சொல்பவருக்கே அது தெரியாமற் போவதும் எளிது.

ஆயினும் இக்கதை கசப்பிலேயே முடியவில்லை. வீரமாமுனிவர் இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சாயிற்று. அச்சிட்டது எந்த அச்சகம் தெரியுமா? தரங்கம்பாடி டேனிய மிஷன் அச்சகமே! தம் நடையை எள்ளியவரின் நூலைத் தம் எழுத்துக்களாலேயே கோத்து, தம் தாளிலேயே பதித்து உலகுக்கு அளித்தனர் அவர்கள். தமிழ் கற்க வரும் புதியவர்களுக்கு அதனினும் பயனுள்ள நூல் இல்லை என்று கண்டபின், எழுதியவர் எவர் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. நல்ல நூல் பகைவனிடமிருந்து வந்தாலும் நல்ல நூலே என்று ஒப்புக்கொள்வது புலமைக் காய்ச்சல் தணிவதன் முதல் அறிகுறியாகும்.

அச்சும் கண்டனமும்

நூறாண்டுகள் கழிந்தன. 19ஆம் நூற்றாண்டில் அச்சகங்கள் தமிழர் கைக்கு வந்தன. அறிவு பரவிற்று, அதனோடு கண்டனங்களும் பரவின. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு மடத்தின் திண்ணையோடு நின்றிருக்கக்கூடிய வாதம், இப்போது துண்டு நூலாகி ஊரெங்கும் உலாவிற்று. சைவர் கிறித்தவரை மறுத்தனர். கிறித்தவர் சைவரை மறுத்தனர். சைவருக்குள்ளேயே பூசல் எழுந்தது. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சாகி வெளிவந்தபின் எழுந்த அருட்பா மருட்பா வாதம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம். அதில் ஈடுபட்ட பெரியோர்களைப் பொறாமையாளர் என்று கூறுதல் தகாது. அக்காலத்துக் காற்று எத்துணை வெம்மையாய் வீசிற்று என்பதற்காகவே ஈண்டு அதனைக் குறிப்பிடுகிறோம்.

அந்த வெம்மைக்கு நடுவே, அதே காவிரிக் கரையில், ஒரு கத்தோலிக்கக் கிறித்தவரும் ஒரு சைவப் பெரும்புலவரும் ஒருவர் நூலுக்கு ஒருவர் பாராட்டுப் பாடிக்கொண்டிருந்தனர்.

முன்சீப்பும் மகாவித்துவானும்

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றியபின் முன்சீப் பதவி பெற்றார். அப்பதவியில் அவர் முதலில் அமர்ந்த ஊர், முன்னர்ச் சொற்போர் மூண்ட அதே தரங்கம்பாடி. பின்னர்ச் சீகாழிக்கும், அதன்பின் மாயூரத்திற்கும் மாறினார். மாயூரத்திலேயே நெடுங்காலம் பணிபுரிந்தமையால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றே வழங்கப்பெற்றார்.

திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரினும் 11 ஆண்டு மூத்தவர், 1815இல் பிறந்தவர். 22 தலபுராணங்களும், அவற்றோடு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பல்வகைப் பிரபந்தங்களும் பாடியவர். மகாவித்துவான் என்னும் பட்டம் அவர் பெயருடன் ஒன்றிவிட்டது. திருச்சிராப்பள்ளியில் தோன்றிய இவ்விருவர் நட்பு இறுதிவரை நீடித்தது.

இந்த நட்பில் பொறாமை புகுவதற்கு வழிகள் பல இருந்தன. வேதநாயகர் கையில் பதவி இருந்தது. மாதந்தவறாத ஊதியம் இருந்தது. ஆங்கில அரசின் மதிப்பு இருந்தது. மகாவித்துவானுக்கோ வறுமையும் கடனும் நீங்காத துணைகள். ஆனால் செய்யுள் என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். மூத்தவர் ஏடெழுதுபவரின் கை வலிக்குமளவு தங்குதடையின்றிப் பாடக்கூடியவர். இளையவரும் கவிஞரே, ஆனால் அந்த வெள்ளத்தின் முன் தம் கவிதை ஒரு வாய்க்கால் என்பதை அறியாதவர் அல்லர். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் மிகுதியாக இருப்பதே பொறாமை முளைக்கும் நிலம். அந்நிலத்தில் இவர்கள் வேறொன்றைப் பயிரிட்டனர்.

வேதநாயகர் 1859இல் 'நீதிநூல்' வெளியிட்டபோது மகாவித்துவான் அதற்குச் சிறப்புப்பாயிரம் அளித்தார். வேதநாயகர் சீகாழியில் பணியாற்றிய காலத்தில் மகாவித்துவான் அத்தலத்து இறைவன்மீது 'சீகாழிக் கோவை' பாடினார். அந்நூலுக்குக் கத்தோலிக்கராகிய வேதநாயகர் பாராட்டுச் செய்யுட்கள் வழங்கினார். மகாவித்துவானோ ஒரு படி மேலே சென்று, வேதநாயகரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்துக் கோவை' என ஒரு கோவை நூலே இயற்றிவிட்டார். சைவத் தலங்களைப் பாடிய நாவு ஒரு கிறித்தவ நண்பரைப் பாடுவதற்குக் கூசவில்லை. மரியன்னைக்கு அந்தாதி பாடிய கை ஒரு சைவக் கோவையைப் போற்றுவதற்குத் தயங்கவில்லை.

உபசாரமா, உண்மையா?

இங்கே ஒரு தடை எழலாம். சிறப்புப்பாயிரம் என்பது அக்காலத்துச் சடங்குதானே? ஒருவர் கேட்க மற்றவர் கொடுப்பார். நாளை இவர் கேட்க அவர் கொடுப்பார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் உள்ளன்பைத் தேடலாமா?

இதற்கு விடை மகாவித்துவானின் வாழ்விலேயே இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'க்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி வந்தபோது, அதிலுள்ள இலக்கண வழுக்களைக் கருதி மகாவித்துவான் இணங்கவில்லை. பாரதியார் பலமுறை வந்தும் பயனில்லை. இறுதியில் பாரதியார் அக்கீர்த்தனைகளைத் தாமே உருகிப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனம் இளகிய பின்னரே பாயிரம் கிடைத்தது. இச்செய்தியை எழுதி வைத்தவர் மகாவித்துவானின் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர். ஆகவே அவருடைய பாயிரம் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்த தாம்பூலம் அன்று. எடைபோட்டுப் பார்த்துக் கொடுத்த பொன்.

மற்றொரு தடையும் எழலாம். பதவியிலிருப்பவரைப் புலவர் பாடுவது புதிதன்று. 'குளத்துக் கோவை'யும் அத்தகையதுதானே எனலாம். அது ஓரளவு பொருந்தும் என்றே கொள்வோம். ஆனால் பதவியிலிருந்தவர் ஓர் ஏழைப் புலவரைப் பாடிப் போற்றியதற்கு என்ன காரணம் சொல்வது? அதனால் அவருக்கு ஊதியம் உயரப்போவதில்லை. தம்மினும் மேம்பட்ட கவிஞர் ஒருவர் தம் ஊரிலேயே இருக்கிறார் என்று தாமே பறைசாற்றுவதாகவே அது முடியும். அதனை அவர் மகிழ்ந்து செய்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீதும் அவர் செய்யுட்கள் பாடினார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக.

சமயம் செய்த உதவி

வேதநாயகர் தம் சமயத்தை நெகிழவிட்டதனால் இவ்வாறு நடந்துகொண்டார் எனச் சிலர் கருதக்கூடும். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடியவர் அல்லவா என்பர். அது தவறு. 'தேவமாதா அந்தாதி', 'சத்திய வேத கீர்த்தனை' முதலியவற்றையும் பாடியவர் அவரே. தம் மறையில் ஊன்றி நின்றுகொண்டேதான் அவர் பிறரைப் போற்றினார். ஊன்றி நிற்பவனுக்கே கையை நீட்ட முடியும். தடுமாறுபவன் எதையாவது பற்றிக்கொள்ளவே பார்ப்பான்.

இவ்வகையில் கிறித்தவ மறை ஓர் எழுத்தாளனுக்குச் செய்யக்கூடிய உதவி யாது? மத்தேயு நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை எடுத்துக்கொள்வோம். எசமான் ஒருவன் ஊழியர் மூவருக்கு முறையே ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறான். ஐந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். திரும்பி வந்த எசமான் அவ்விருவரையும் பாராட்டுகிறான். இவ்வுவமையை வாசிப்போர் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஐந்தை ஈட்டியவனுக்குச் சொன்ன பாராட்டும் இரண்டை ஈட்டியவனுக்குச் சொன்ன பாராட்டும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. தொகையைக் கொண்டு பாராட்டு அளக்கப்படவில்லை. ஒப்படைத்ததைப் பேணினாயா என்பதே கேள்வி. மூன்றாமவன் கெட்டது ஒன்றே ஒன்று பெற்றதனால் அன்று. அதனை மண்ணில் புதைத்ததனால்.

புலமை தான் சம்பாதித்த சொத்து என்று எண்ணுபவனுக்கு, அடுத்தவன் புலமை தன் சொத்துக்குப் போட்டியாகத் தோன்றும். புலமை தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று நம்புபவனுக்கு, அடுத்தவனிடம் மிகுதியாக ஒப்படைக்கப்பட்டிருப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. கொடுத்தவன் ஒருவனே அல்லவா? மகாவித்துவானிடம் ஐந்து தாலந்து, வேதநாயகரிடம் இரண்டு. அந்த இரண்டை அவர் புதைக்கவில்லை. செய்யுளில் தம் நண்பரை விஞ்ச முயலவும் இல்லை. தமிழில் உரைநடை நூல்கள் போதாமை அவர் கண்ணில் பட்டது. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என அது பெயர் பெற்றது. 1887இல் 'சுகுண சுந்தரி' வந்தது. பெண்கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' எழுதினார். அதனோடு நில்லாது மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளியும் நிறுவினார். அடுத்தவர் வயலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், தம் வயல் தரிசாகவே கிடந்திருக்கும். பொறாமையின் பெருங்கேடு இதுவே: அது பிறரைச் சுடுவதற்கு முன் நம் வேலையைக் கெடுக்கிறது.

'நீதிநூ'லில் பொறாமையைப் பற்றியும் அவர் தனியே பாடியுள்ளார். எழுதிய நீதியைத் தம் வாழ்வில் நடத்திக் காட்டியவர் அவர் என்பதே அதற்கு வலிமை தருகிறது.

மரபாய் வளர்ந்த பண்பு

பெரியோரின் பண்பு அவர்களைச் சூழ்ந்தோரிடம் பரவும். மகாவித்துவானின் மாணவர் கூட்டத்தில் அந்தணரும் இருந்தனர். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும் இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் இருந்தார். குலாம் காதிறு நாவலர் பினாங்கில் வெளிவந்த 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியவர். ஆதலின் அம்மாணவர் பரம்பரையின் ஒரு கிளை இம்மலைநாட்டையும் தொட்டது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

1876 பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் உயிர் நீத்தார். அந்த இறுதி வேளையில் சவேரிநாத பிள்ளை தம் ஆசிரியரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் அருகிருந்து திருவாசகம் படித்தார். கிறித்தவ மாணவன் தாங்குகிறான். அந்தண மாணவன் படிக்கிறான். சைவ ஆசிரியர் கேட்டுக்கொண்டே கண்மூடுகிறார். தமிழ்ப் புலமையுலகின் வரலாற்றில் இதனினும் பெருமிதமான காட்சி எளிதில் கிடைக்காது.

நான்காண்டுகள் கழித்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, தம் இடத்திற்கு இளையவராகிய சாமிநாதையரைப் பரிந்துரைத்து அமர்த்தினார். அவரும் மகாவித்துவானின் மாணாக்கரே. அந்தப் பணியிலிருந்த காலத்தில்தான் ஐயர் சீவகசிந்தாமணி முதலிய பழந்தமிழ் நூல்களைத் தேடும் பெரும்பணியில் இறங்கினார். ஒரு மூத்த புலவர் பொறாமையின்றி விட்டுக்கொடுத்த நாற்காலி தமிழுக்கு எத்துணை ஆக்கம் தந்தது என்பதை அளவிட்டுச் சொல்ல முடியுமா?

வேதநாயகர் 1889 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் இராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' வெளிவந்தது. நாவற்கலையில் அது 'பிரதாப முதலியார் சரித்திர'த்தினும் மேலானது என்று திறனாய்வாளர் பலர் கூறுவர். அவர் இருந்து அதனைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார்? அவருடைய வாழ்வை அறிந்தவர், பாராட்டி ஒரு செய்யுளாவது அனுப்பியிருப்பார் என்றே எண்ணுவர். வழி வெட்டுபவன், அவ்வழியே பிறர் விரைந்து செல்லக் கண்டால் மகிழ வேண்டுமேயன்றி வெதும்புதல் முறையன்று.

நாம் கொள்ளத்தக்கது

தமிழாசிரியர்களாகிய நம்மிற் பலர் எழுதுகோலும் பிடிப்பவர்கள். நமது எழுத்துலகம் சிறியது. சிறிய குளத்தில் அலை விரைவில் கரையைத் தொடும். ஒருவர் கதை பரிசு பெற்றால் மற்றவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஒருவர் கட்டுரை வெளிவந்து தம் கட்டுரை வெளிவராத வாரம் நெஞ்சில் முள்ளாகிறது. இதற்கு வெட்கப்படுவதனால் பயனில்லை. செய்யத்தக்கது எது என்று பார்ப்பதே பயன்.

வேதநாயகர் காட்டிய வழி எளிது. நம்மினும் நன்றாக எழுதியவரின் பெயரை நாமே முதலில் எடுத்துச் சொல்லுதல். அவர் எழுத்தை வகுப்பில் மாணவர்க்குப் படித்துக் காட்டுதல். அவருக்கு நான்கு வரியேனும் மடல் எழுதுதல். முன்னுரை கேட்டு வந்தவரிடம் மகாவித்துவானைப் போல உண்மையைச் சொல்லுதல், உள்ளம் தொட்டபின் தயங்காது கொடுத்தல். மனம் முழுதும் தெளிந்த பின்னரே இவற்றைச் செய்வது என்று காத்திருந்தால் ஒருநாளும் செய்யமாட்டோம். செய்யச் செய்யவே மனம் தெளியும். பிறர்சிநேகத்தை ஒரு புண்ணியமாக எண்ணி வைத்த ஞானோபதேசத்தின் கருத்தும் அதுவே.

கோவிலுக்குச் செல்வோரும், தேவாலயத்துக்குச் செல்வோரும், பள்ளிவாசலுக்குச் செல்வோரும் இம்மண்ணில் ஒரே தமிழில் எழுதுகிறோம். நம் ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட தாலந்து வெவ்வேறு. கணக்குக் கேட்கும் நாளில், அடுத்தவருக்கு எத்தனை கொடுக்கப்பட்டது என்று எவரும் நம்மைக் கேட்கப்போவதில்லை.